போகிற கடிதத்தையும் சோதிக்கணும்



கம்ப்யூட்டரில் வைரஸ் தடுப்பு மென்பொருள் போட்டால், பல மென்பொருள்களில் ரெண்டு கட்டம் இருக்கும். வருகிற மின்னஞ்சலைச் சோதிக்கவா, போகிற மின்னஞ்சலைச் சோதிக்கவா என்று கேட்கும். "மெஷின் ஸ்லோ ஆகுது" என்று ரெண்டிலும் டிக்கை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. சிலர் வருவதை மட்டும் வைத்துக்கொள்வார்கள். போறது நம்ம கடிதம்தானே, அதை எதுக்குப் பார்க்கணும் என்பார்கள். ரெண்டையும் பார்க்கணும் என்பது என் கருத்து. ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால், போவதைத்தான் பார்க்கணும்.

கடலூர்க்காரங்களுக்கு இது சுலபமாகப் புரியும். புதுச்சேரியிலிருந்து வருகிற வண்டியை ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் நிறுத்தி, பாட்டில் இருக்கா என்று பார்ப்பாங்க. இங்கிருந்து அங்கே போற பஸ்ஸை நிறுத்தி நான் பார்த்ததில்லை. பாட்டிலுக்கு அது போதும், ஏன்னா ஒரு பாட்டில் போற இடத்தில் குட்டி போடாது. வைரஸ் போடும்.

2020 மே மாதம் சென்னை கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து ஊர் திரும்பியவங்க மூலமா நம்ம மாவட்டத்தில் கொரோனா திடீரென்று கூடியது. அப்போ நாமெல்லாம் சின்னப் பிள்ளைங்க, ஆனாலும் தெருவை அடைச்சது ஞாபகம் இருக்கும். வந்தவங்களை இங்கே சோதிச்சுத் தனியா வைச்சாங்க. நல்லதுதான். ஆனா அங்கே கிளம்பும்போதே சோதிக்க வழி இருந்திருந்தா எத்தனை ஊர் தப்பிச்சிருக்கும்? மாஸ்க் போடச் சொன்னதும் நம்மைக் காப்பாத்த மட்டும் இல்லை, நம்ம மூச்சு அடுத்தவங்க மேல படாம இருக்கவும்தான்.

மின்னஞ்சலில் இது நடந்த கதை பழசு. 1999 மார்ச்சில் மெலிசா என்று ஒரு வைரஸ் வந்தது. வேர்டு கோப்பில் ஒளிந்திருக்கும். திறந்தவுடன், அவர் முகவரிப் பட்டியலில் இருக்கிற முதல் 50 பேருக்குத் தானே கடிதம் அனுப்பிவிடும். அடுத்த வருடம், 2000 மே 4-ஆம் தேதி, பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து 'ஐ லவ் யூ' வைரஸ் கிளம்பியது. காதல் கடிதம் என்று பெயர் போட்ட இணைப்பு. பார்த்தால் சாதாரண எழுத்துக் கோப்பு மாதிரி தெரியும். உண்மையில் பின்னாடி இன்னொரு வால் இருந்தது, அதை விண்டோஸ் மறைத்துக் காட்டியது. திறந்தால் படக் கோப்புகளை அழித்து, பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் அதே கடிதத்தை அனுப்பியது. லட்சக்கணக்கான கணினிகள் மாட்டின. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே மின்னஞ்சலை நிறுத்தி வைத்தது. அதை எழுதிய மாணவரைத் தண்டிக்க அப்போது அந்த நாட்டில் சட்டமே இல்லை.

இத்தனை பேர் ஏன் திறந்தாங்க? தெரியாத ஆள் அனுப்பியிருந்தால் பல பேர் தொட்டிருக்க மாட்டாங்க. கூட வேலை பார்க்கிறவர் பெயரில், சொந்தக்காரர் பெயரில் வந்தது. வைரஸ் திருடுவது நம்ம கோப்பை மட்டும் இல்லை, நம்ம பேரையும். அதனால்தான் போகிற கடிதம் முக்கியம் என்கிறேன்.

எதிர்க்கட்சிக்காரங்க சொல்வதையும் எழுதிவிடணும், இல்லாவிட்டால் கணினி ஆசிரியர் என்னை விடமாட்டார்.

முதலாவது, கோப்பைத் திறக்கிற நொடியிலேயே பிடிக்கிற காவல் இப்போது பெரும்பாலான வைரஸ் தடுப்பில் இருக்கு. விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபண்டரிலும் இருக்கு. அது விழிச்சிருந்தால் கடிதத்தைத் தனியாகப் பார்ப்பது ரெட்டை வேலைதான். இது வருகிற கடிதத்துக்கு ரொம்பச் சரி. அடுத்தது, அந்த ரெண்டு கட்டமும் அவுட்லுக், தண்டர்பேர்டு மாதிரி கணினியிலேயே இருக்கும் கடிதப் பெட்டிகளுக்குத்தான் வேலை செய்யும். நாம பிரவுசரில் ஜிமெயில் திறந்தால் அந்தக் கட்டம் சும்மா நிற்கும். அங்கே இணைப்பை ஜிமெயில்காரங்களே பார்த்துக்கொள்கிறார்கள். வரும்போதும் பார்க்கிறாங்க, நாம இணைக்கும்போதும் பார்க்கிறாங்க. உலகத்திலேயே அதிகம் பேர் பயன்படுத்தும் கடிதப் பெட்டியே போவதையும் பார்க்கிறது என்றால், அது வீண் வேலையாக இருக்குமா?

இன்னொன்று கேட்பாங்க. புத்தம் புது வைரஸ் என்றால் மென்பொருளுக்கே அடையாளம் தெரியாதே, அப்புறம் சோதிச்சு என்ன? தெரியாதுதான். ஆனா போவதைக் கவனிக்கிற சில மென்பொருள் கோப்பை மட்டும் பார்ப்பதில்லை, எண்ணிக்கையையும் பார்க்கும். ஒரே நிமிஷத்தில் 50 கடிதம் கிளம்பினால் நிறுத்தி, "நீங்கதான் அனுப்புறீங்களா?" என்று கேட்கும். திருடன் முகம் தெரியாவிட்டாலும் நடுராத்திரி மூட்டை தூக்கிட்டுப் போனால் கேட்கமாட்டோமா, அது மாதிரி.

நம்ம பக்கத்தில் நிலைமை எப்படின்னா, எல்லோர் வீட்டிலும் கம்ப்யூட்டர் இல்லை. சாதிச் சான்றிதழா, ஸ்காலர்ஷிப்பா, வேலை விண்ணப்பமா, எல்லாத்துக்கும் கடைதான். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் அம்பது பென்டிரைவ் அதே மெஷினில் நுழையுது. கடை போர்டில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்கேன் என்று எழுதியிருக்கும். அந்த ஸ்கேன் வேற ஸ்கேன்!

எங்க தெரு அக்கா ஒருத்தங்க சிதம்பரத்தில் ஒரு கடையிலிருந்து வேலைக்கு பயோடேட்டா அனுப்பப் போனாங்க. கோப்பில் வைரஸ் இருக்கு என்று ஜிமெயில் இணைக்கவே மறுத்துவிட்டது. கடைக்கார அண்ணன், "அது சும்மா சொல்லும்மா, ஜிப் பண்ணி பாஸ்வேர்டு போட்டு அனுப்பிடலாம்" என்று சொல்லி அப்படியே அனுப்பிவிட்டார். பாஸ்வேர்டு போட்ட ஜிப்பைத் திறந்து பார்க்க ஜிமெயிலால் முடியாது. அதனால் போய்விட்டது. ஆனா வாங்கவேண்டிய கம்பெனியின் சர்வர் திருப்பி அனுப்பிவிட்டது. அன்றைக்குத்தான் கடைசி நாள். அக்கா வேற கடைக்கு ஓடி, எல்லாத்தையும் முதலிலிருந்து டைப் அடிச்சு, சாயங்காலம் ஆறு மணிக்கு அனுப்பினாங்க. ஐந்து மணிக்கே முடிஞ்சுபோச்சாம். எனக்குக் கோபம் ஜிமெயில் மேல இல்லை. எச்சரிக்கை வந்த பிறகும் அதை ஏமாத்த வழி தேடினது மேலதான். ஒருவேளை அந்த ஜிப் உள்ளே போய், அங்கே ஒருத்தர் திறந்திருந்தால், கெட்ட பேர் கடைக்கு இல்லை, அக்காவுக்கு.

இது சின்னக் கடை விஷயம் என்று நினைக்கவேண்டாம். 2019-ல் நம்ம தமிழ்நாட்டுக் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றிலேயே வைரஸ் இருந்தது என்று இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30-ஆம் தேதி ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கணினிகள் தனியாக இருந்ததால் அவற்றுக்குப் பாதிப்பு இல்லை என்றும் சொன்னது. அது டிட்ராக் என்ற உளவு வைரஸ் வகை என்று வல்லுநர்கள் சொன்னார்கள். மின்னஞ்சலில் பரவும் ஜாதி இல்லை. ஆனா அதன் தொழிலே உள்ளே இருக்கும் தகவலைச் சேர்த்து வெளியே அனுப்புவதுதான். வெளியே போறதை யாருமே பார்க்காவிட்டால் அதுக்குக் கொண்டாட்டம்.

நம்ம பள்ளிக் கணினிக்கு வருகிறேன். அதில் வைரஸ் தடுப்பு இருக்கு, அப்டேட் கேட்டு மூலையில் மஞ்சள் குறி காட்டிக்கொண்டே இருக்கு. அப்டேட் இல்லாத காவல் போன வருஷத் திருடனை மட்டும்தான் பிடிக்கும். தலைமை ஆசிரியர் அனுமதி கொடுத்தால், வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அப்டேட் போட்டு, அந்த வாரம் வந்த பென்டிரைவ்களையும் வெளியே போகும் கோப்புகளையும் சோதிச்சு, நோட்டில் தேதி எழுதி வைக்கிற வேலையை ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் நாங்க எடுத்துக்கிறோம். நோட்டு நானே வாங்கித் தர்றேன்.

— 9-ஆம் வகுப்பு மாணவி