பினிஷிங் என்ற ஒரு சொல்

நண்பர் மேசைமேல் இரண்டு கத்திகளை வைத்தார். ஒன்று, திருவிழாக் கடையில் வாங்கிய மடக்குக் கத்தி. குரோமியப் பூச்சு, முகம் பார்க்கலாம். இன்னொன்று ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு பெரியவரிடம் கேட்டு வாங்கியது. ஒரு சாண் நீளம், மடங்காது, இடுப்பில் செருகுவது. அலகில் சுத்தியல் அடித்த பள்ளங்கள். "இதுல பினிஷிங்கே இல்ல சார்" என்று அதைத் தள்ளிவைத்தார்.

இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தேன். பளபளக்கும் கத்தியை விரித்துப் பக்கவாட்டில் அசைத்தால் அலகு ஆடியது. மலைக் கத்தியின் பிடிக்கும் பூணுக்கும் நடுவே ஒரு நூல்கூட நுழையாது. பூண் என்றால் கடையில் வாங்கிய பித்தளை இல்லை, இரும்புக் குழாயில் அறுத்த ஒரு வளையம். அதைச் சூடாக்கி மரத்தில் ஏற்றியதன் அடையாளமாக விளிம்பில் மெல்லிய கரிக்கோடு.

குழப்பம் ‘பினிஷிங்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. அதற்குள் இரண்டு விஷயங்களைப் போட்டு வைத்திருக்கிறோம். உறுப்போடு உறுப்பு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது பொருத்தம். மேற்பரப்பை எவ்வளவு தேய்த்து இழைத்திருக்கிறார்கள் என்பது மெருகு. மெருகைக் கண் ஒரு நொடியில் பார்த்துவிடும். பொருத்தத்தைக் கையும் காதும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். கத்தி சேர்க்க ஆரம்பிக்கிற எல்லோரும் முதல் வருடம் மெருகுக்குக் காசு கொடுக்கிறார்கள். நானும் கொடுத்திருக்கிறேன்.

மடக்குக் கத்தியிலிருந்து தொடங்கலாம். ஈழத்தில் இதை வில்லுக்கத்தி என்பார்கள். அந்தப் பெயரிலேயே வேலை விளங்கிவிடுகிறது. பிடியின் முதுகில் ஒரு எஃகு வில் இருக்கிறது. அலகின் அடிப்பாகத்தை அது அழுத்திப் பிடிப்பதால்தான் விரித்த கத்தி விரித்தபடியும் மடித்தது மடித்தபடியும் நிற்கிறது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது வில்லை. கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையில் வெளிச்சம் கசிந்தால் அது அவசர வேலை. அடுத்து, முதுகில் கட்டைவிரலை வைத்துத் தடவுங்கள், விரித்த நிலையில் ஒரு முறை, மடித்த நிலையில் ஒரு முறை. இரண்டிலும் வில் பிடியின் முதுகோடு சமமாக இருந்தால் கொல்லருக்குப் பொறுமை இருந்திருக்கிறது என்று அர்த்தம். பாதி விரித்த நிலையிலும் சமமாக இருந்தால் அந்தக் கத்தியை விடாதீர்கள்.

பிறகு காது. மடிக்கும்போது கடைசியில் ‘டக்’ என்று தெளிவாக விழ வேண்டும். மெதுவாக நழுவி உள்ளே போனால் வில் சோர்ந்திருக்கிறது, அல்லது உள்ளே அழுக்கு. அழுக்கென்றால் ஒரு சொட்டு எண்ணெயில் தீரும். வில்லென்றால் தீராது. மடித்த அலகு பள்ளத்தின் நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கத் தகட்டில் உரசுகிறதா என்றும் பாருங்கள். உரசினால் அலகில் நீளவாக்கில் ஒரு கீறல் இருக்கும். எவ்வளவு மெருகு போட்டாலும் அந்தக் கீறல் திரும்ப வரும்.

பொருத்தம் நிலையானது என்றும் நினைக்க வேண்டாம். பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் 1890 முதல் செய்யப்படும் ஓப்பினெல் கத்திக்கு மரப்பிடி. மழைக்காலத்தில் மரம் ஊதி, அலகைக் கவ்விக்கொள்ளும். புதிதாக வாங்கியவர் பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போவார். அது பழுது இல்லை, மரத்தின் சுபாவம். மலையில் பனியும் மழையும் மாறி மாறி வரும் இடத்தில் மரப்பிடிக் கத்தியை ஒரே ஒரு நாள் பார்த்து முடிவு சொல்லக் கூடாது.

இனி மலைக் கத்தி. இதில் கீல் இல்லை, வில் இல்லை. பொருத்தம் முழுவதும் அலகு பிடிக்குள் நுழைகிற இடத்தில்தான். அலகின் வாலைப் பழுக்கக் காய்ச்சி மரத்தில் இறக்குவது ஒரு முறை. அரக்கை உருக்கி ஊற்றி இறுக்குவது இன்னொன்று. பிடியைக் காதருகே வைத்து அலகை விரலால் சுண்டுங்கள். உள்ளே கடகடவென்று கேட்டால் வால் தளர்ந்துவிட்டது. அலகு இந்தக் காலத்தில் பெரும்பாலும் லாரி வில்பட்டை. ‘பழைய உருக்கு’ என்று யாராவது விலை ஏற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள். வில்பட்டை மட்டமான இரும்பு இல்லை. நன்றாகத் தோய்ச்சல் ஏறும், அதாவது காய்ச்சித் தோய்த்தால் கடினமாகும். ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன அரம் போதும். வாய்ப்பக்கம் அரம் வழுக்க வேண்டும், முதுகில் கடிக்க வேண்டும். முதுகு மென்மையாக இருப்பதால்தான் கத்தி ஒடியாது.

நண்பரின் கத்தியில் அரம் அப்படியே நடந்துகொண்டது. சுத்தியல் பள்ளங்கள் முதுகுப் பக்கம் மட்டும்தான் இருந்தன. வாயிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு வழுவழுவென்று தீட்டியிருந்தது. கொல்லருக்கு மெருகு தெரியாமல் இல்லை. வேலை நடக்கும் இடத்தில் மட்டும் அதைச் செலவு செய்திருக்கிறார்.

இந்தக் கணக்கு அந்த மலைக்கு மிகவும் பழையது. ஜவ்வாது மலையில் புதிய கற்காலக் கற்கோடரிகள் கிடைக்கின்றன. சில இடங்களில் அவற்றைச் சாமியாக வைத்துக் கும்பிடுகிறார்கள். அந்த வகைக் கோடரிகள் பலவற்றில் வாய்ப்பகுதி கண்ணாடி போல் தேய்த்திருக்கும், பிடியில் கட்டும் பின்பகுதி கொத்திய கரடாகவே இருக்கும். கரடாக இருந்தால்தானே கட்டு நழுவாது. அதே மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்கே 1986-ல் வானியலாளர் வைனு பாப்பு பெயர் சூட்டப்பட்ட தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலம். அதன் பரப்பில் ஒளியலையின் நீளத்தில் ஒரு சிறு பின்னம் அளவுக்கு மேல் பிசகு இருக்கக் கூடாது. அங்கே மெருகுதான் வேலையே. கத்தியில் அப்படி இல்லை.

மேலே ‘பழைய உருக்கு’ என்றேன், அதைப் பற்றி ஒரு செய்தி. 1790-களில் இந்தியாவிலிருந்து லண்டனுக்குச் சில எஃகுக் கட்டிகள் போயின. ‘வூட்ஸ்’ என்று ஆங்கிலேயர்கள் எழுதியது நம் உருக்கு, கன்னடத்து உக்கு இவற்றின் திரிபு என்பார்கள். அந்தக் கட்டியில் ஒரு துண்டை வாங்கி ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கருவிக் கொல்லர் முதலில் அடித்துப் பார்த்தது ஒரு பேனாக்கத்தி. பிறகு அவர் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து அந்த எஃகை ஆராய்ந்தார். ஜவ்வாது மலைக்குத் தெற்கே, பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரில் இந்த மாதிரி உருக்கை மூசையில், அதாவது உருக்கும் மண்கிண்ணத்தில், காய்ச்சிய எச்சங்கள் கிடைத்திருக்கின்றன.

நண்பருக்கு இன்னொரு மனக்குறை, அலகு கறுத்திருக்கிறதாம். உப்புத்தாள் வாங்கி வைத்திருந்தார். நல்லவேளை, தேய்க்கவில்லை. அந்த மலையில் கடுக்காய் பொறுக்குகிறார்கள், புளி, பலா உண்டு. அவற்றை அறுக்கும் கத்தி கறுக்கத்தான் செய்யும். கடுக்காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும். பழைய காலத்தில் மை காய்ச்சியதே இந்த முறையில்தான். செந்துரு தின்னும், துடைத்து எண்ணெய் போட வேண்டும். இந்தக் கறுப்போ செந்துருவைத் தாமதப்படுத்தும். தேய்த்து எடுத்தால் பல வருட உழைப்பின் தடம் போகும், கத்தியின் மதிப்பும் கூடவே போகும்.

வாங்குமுன் சில எச்சரிக்கைகள். மான்கொம்புப் பிடி என்று யாராவது காட்டினால் தொடாதீர்கள். ஒரு காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகளுக்கு நம் கடமான் கொம்பு கப்பலேறியது உண்மை. ஆனால் 1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று அது வம்பு. ஜவ்வாது மலைச் சந்தனப் பிடி என்பதும் அப்படியே. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டுக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ செய்யப்படாததாக இருந்தால், ஆயுத விதிகளின் பட்டியலில் வந்துவிடும். சேர்க்கிறவர்கள் அளவுகோலையும் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் கத்தி என்றால் அலகின் அடியில் நட்சத்திரமும் சிலுவையும் பொறித்திருக்கும். அதைக் கொண்டு எந்தப் பட்டறைக் கத்தி என்று ஓரளவு சொல்லிவிடலாம். நம் மலைக் கத்தியில் பெரும்பாலும் முத்திரை இருக்காது. அடித்தவர் யார், எந்த ஊர் உலை, என்ன மரம் என்பதெல்லாம் விற்கிறவர் வாயில்தான் இருக்கிறது. நண்பர் அந்தப் பெரியவரிடம் விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்திருந்தார். அடுத்த முறை போகும்போது உலை எங்கே என்று கேட்டு, ஒரு சீட்டில் எழுதி, கத்தியோடு கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் அப்படி ஒரு கத்தி இருந்தால் நீங்களும் கேட்டு எழுதி வையுங்கள்.