விதிப்புத்தகமா, புதையல் வேட்டையா?

மினியேச்சர் வார்கேம்னு ஒண்ணு இருக்கு மக்களே. கட்டைவிரல் உசரப் பொம்மைச் சிப்பாய்களுக்கு பெயின்ட் அடிச்சு, மேஜை மேல அணிவகுத்து, ஸ்கேல் வெச்சு நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடறது. "இந்த வயசுல பொம்மையா?"ன்னு கேக்கறவங்க அடுத்த பதிவுக்குப் போயிடலாம் :-)

என் கோபம் பொம்மை மேல இல்லை. அதோட வர்ற விதிப்புத்தகம் மேல.

இதை யாரும் நாவல் மாதிரி படிக்கறதில்லை. ஆட்டம் நடுவுல, எதிராளி கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்போது, ஒரே ஒரு சந்தேகத்துக்காகப் புரட்டறோம். யானை மிரண்டா எந்தப் பக்கம் ஓடும்? பாதி பதில் சண்டை அத்தியாயத்துல, மீதி நகர்வு அத்தியாயத்துல, விதிவிலக்கு மட்டும் ஏதோ ஒரு படத்துக்குக் கீழே பொடி எழுத்துல. இண்டெக்ஸ்? மூச்! வழவழ தாள்ல வீர வரலாறு மட்டும் தவறாம இருக்கும்.

புது வியாதி இல்லை இது. 1824ல பிரஷ்ய ராணுவம் 'கிரீக்ஸ்ஷ்பீல்'ங்கற போர் விளையாட்டை அதிகாரிகளுக்குப் பயிற்சியா எடுத்துக்கிச்சு. விதிகள் பெருத்துப் பெருத்து, 1876ல வெர்டி டு வெர்னுவாங்கற அதிகாரி, அனுபவமுள்ள நடுவர் தீர்ப்பே போதும்னு விதிகளையே ஓரங்கட்டிட்டார்.

நம்மாளுங்க சம்பந்தப்பட்ட கதைக்கு வர்றேன். 1990ல ஃபில் பார்க்கர் குழு வெளியிட்ட 'டி பெல்லிஸ் ஆன்டிக்விடாடிஸ்'. ஒரு படைக்கு 12 அணி போதும், ஒரு மணி நேரத்துல ஆட்டம் முடியும். அருமையான ஆட்டம். தமிழர் படைக்கும் அதுல பட்டியல் உண்டு, யானையோட! ஆனா எழுத்து? ஒரே வாக்கியத்துல மூணு நிபந்தனை, ரெண்டு விலக்கு. அந்த நடைக்கு 'பார்க்கரீஸ்'னு இங்கிலீஷ்காரங்களே பேர் வெச்சுட்டாங்க. ரசிகர்கள் படம் போட்டுத் தனியா ஒரு வழிகாட்டியே எழுத வேண்டி வந்துச்சு.

வார்ஹாமர் 40,000 வேற ரகம். 2023ல வந்த 10ஆம் பதிப்போட அடிப்படை விதிகளை இலவசமா கொடுத்தாங்க, பாராட்டணும். ஆனா விளக்கம் ஒரு பிடிஎஃப், திருத்தம் ஒரு பிடிஎஃப், புள்ளிக்கணக்கு இன்னொண்ணு. தாலுக்கா ஆபீஸ்ல அலையற மாதிரி அலையணும்.

"சூத்திரம்னா சுருக்கமாத்தான் இருக்கும்"னு சிலர் வக்காலத்து வாங்கறாங்க. தொல்காப்பியத்தைப் பாருங்க சாமி. 3 அதிகாரம், ஒவ்வொண்ணுலயும் 9 இயல். வினைச்சொல்லுல சந்தேகமா, நேரா வினையியலுக்குப் போ. நூற்பா புரியலைன்னா சேனாவரையர் உரை இருக்கு. ஆனா எங்க தேடறதுன்னு முழிக்க வேண்டியதே இல்லை. சுருக்கம் வேற, குப்பையா கொட்டி வெக்கறது வேற.

லண்டன்காரருக்கு இதுல பெரிய நஷ்டமில்லை. கிளப்புக்குப் போனா பெருசு யாராவது சொல்லித் தந்துடுவார். மீன்சுருட்டியில யார் இருக்கா? ஆடுபுலி ஆட்டம்னா தாத்தாவைக் கேக்கலாம். இதுக்குப் புத்தகம்தான் வாத்தியார். இங்கேருந்து கங்கைகொண்ட சோழபுரம் சைக்கிள் மிதிக்கற தூரம். ராஜேந்திர சோழன் தலைநகரா வெச்சு ஆண்ட ஊர். இந்தப் பக்கத்துப் பையன் ஒருத்தன் சோழர் யானைப்படையை மேஜையில நிறுத்த ஆசைப்பட்டா, சாளுக்கியன் வர்றதுக்கு முன்னாடியே புத்தகம் அவனைத் தோக்கடிச்சுடுது.

கேக்கறது ரெண்டே ரெண்டு. ஒரு விதி ஒரே இடத்துல, எண் போட்டு. கடைசியில இண்டெக்ஸ். தங்கமுலாம் அட்டைக்குக் காசு இருக்கு, இதுக்கு இல்லையா?

பி.கு: சமீபத்துல வாங்கின ஒரு புத்தகத்துக்கு (பேர் வேண்டாம்) நானே இண்டெக்ஸ் எழுதிட்டேன். எட்டுப் பக்கம். அதே புத்தகத்தோட மல்லுக்கட்டறவங்க ஜாடையா பின்னூட்டம் போடுங்க, அனுப்பறேன்.