பிள்ளையை மறைக்காதீர்கள், விற்பவனை விடாதீர்கள்!

மதுவின் தீமையைப் பற்றி நாம் பேசாத மேடை உண்டா? ஜும்ஆ பயானில் பேசுகிறோம். நிக்காஹ் மஜ்லிஸில் பேசுகிறோம். தெருமுனையில் ஒலிபெருக்கி கட்டிப் பேசுகிறோம். கேட்பவர்கள் யார்? முன் ஸஃப்பில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள். அவர்களில் ஒருவரும் குடிப்பவரல்லர். யார் கேட்க வேண்டுமோ அந்தப் பையன் அந்நேரம் ரயில்வே லைன் ஓரத்திலோ, அம்பத்தூர் எஸ்டேட்டில் பூட்டிக் கிடக்கும் கம்பெனிச் சுவருக்குப் பின்னாலோ நிற்கிறான். இருபது ஆண்டுகளாக மிம்பரில் ஏறி இறங்குபவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகவே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு தகப்பனார் இஷாவுக்குப் பின் தன் மகனை அழைத்து வந்தார். பதினாறு வயதுப் பையன்.

"ஹஜ்ரத், இவன் குடிக்கல. வாடையே இல்ல. ஏதோ மாத்திரை போடுறான். சட்டைப் பையில அட்டை கிடந்துச்சு" என்றார்.

நான் என்ன செய்தேன்? அவனை ஒளுச் செய்ய வைத்து, பக்கத்தில் அமர்த்தி, தவ்பாவின் சிறப்பை ஒரு மணி நேரம் எடுத்துரைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டு அனுப்பி வைத்தேன். பையன் அழுதான். உண்மையாகவே அழுதான். மூன்றாம் நாள் இரவு உடம்பெல்லாம் குடைச்சல், வாந்தி, வியர்வை. தாங்க முடியாமல் வீட்டை விட்டு ஓடிவிட்டான். "அல்லாஹ்வின் மீது செய்த சத்தியத்தையே முறித்துவிட்டானே!" என்று எனக்கு அவன் மீது கோபம்தான் வந்தது. அது திமிரல்ல, மாத்திரை நின்றதும் உடல் படுகிற வேதனை என்பதைப் பின்னர் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கடுமையான வலிக்குக் கொடுக்கப்படும் டேப்பென்டடால் போன்ற மாத்திரைகள் அபின் வகையின் வேலையைச் செய்பவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. அவைதான் அட்டை அட்டையாக நம் பிள்ளைகளின் கைக்கு வருகின்றன.

ஓதிய எனக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். மதுவில் ஊறிப்போன அந்த அரபுச் சமூகத்தை அல்லாஹ் ஒரே நாளில் விடச் சொல்லவில்லையே! அல்பகராவில் அதன் கேடு உணர்த்தப்பட்டது, அந்நிஸாவில் தொழுகை நேரத்தில் தடுக்கப்பட்டது, அல்மாயிதாவில்தான் முழுத் தடை வந்தது. குடித்துவிட்டுக் கொண்டுவரப்பட்ட ஒருவருக்குத் தண்டனை கொடுக்கப்பட்ட பிறகு சிலர் அவரைச் சபித்தபோது, அவருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவ வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை புகாரியில் ஓதித்தானே நாம் ஸனது வாங்கினோம்? தண்டனை வேறு, சபித்து விரட்டுவது வேறு. (மாத்திரை மது இல்லையே, ஹராமாகுமா என்று கேட்கிற விடலைகளும் உண்டு. போதை தருவது எதுவானாலும் தடைதான் என்பதில் மார்க்கம் சந்தேகத்திற்கே இடம் வைக்கவில்லை.)

ஆனால் நம் மஹல்லாக்களில் நடப்பது என்ன? விஷயம் வெளியே தெரிந்தால் அக்காவின் சம்பந்தம் நின்றுவிடும் என்று தாய் மறைக்கிறாள். போலீசுக்குப் போய்விடுமோ என்று தகப்பன் மறைக்கிறார். ஜமாஅத்துக்குத் தெரிந்துவிட்டாலோ, பெயர் நாறிப் போகிறது. மறைக்க மறைக்க விற்பவனுக்குத்தான் கொண்டாட்டம்!

சட்டத்தைப் பாருங்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற 64-ஏ பிரிவில் வழி வைத்திருக்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமோ, பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் போதைப்பொருளோ மதுவோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. பிள்ளைகளை வைத்துப் பொட்டலம் கடத்துகிறவனுக்கும் அதே தண்டனைதான். அஞ்ச வேண்டியவன் யார்? விற்பவன். அஞ்சிக்கொண்டிருப்பவர் யார்? பெற்றவர்.

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை முகரும் சிறுவர்களை நம் பகுதியில் பார்க்காதவர் இல்லை. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்பட்ட ஒரே போதை இப்படி முகர்வதுதான். பெரியவர்களிடம் நூற்றுக்கு 0.58, பத்து முதல் பதினேழு வயதுக்குள் 1.17. பள்ளி மாணவர்களிடம் கூல் லிப் பரவியிருப்பதைக் கண்டு 2024இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையே கவலைப்பட்டுக் கேள்வி கேட்டது.

அரசைச் சொல்லாமல் விட முடியுமா? 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி வைத்த இதே மண்ணில்தான் 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. ஆண்டுக்கு 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வருமானம்! 21 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்கக் கூடாது என்பது விதி. கூட்டம் முண்டும் கவுண்டரில் யார் வயதைக் கேட்கிறார்கள்? மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் பள்ளிக்கூடத்துக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் 50 மீட்டர் தள்ளியிருந்தால் போதுமாம். ஐம்பது மீட்டர்! பாங்கு சப்தம் அதைவிடப் பல மடங்கு தூரம் போகிறதே. நெடுஞ்சாலைக் கடைகளை 2017இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் மூடியபோது, அவை குடியிருப்புகளுக்குள் நுழையாமல் தடுக்கத் தமிழகமெங்கும் தெருவில் உட்கார்ந்தவர்கள் பெண்கள். நாம் அன்று அறிக்கை விட்டோம்.

அந்தப் பையனின் கதையை முடித்துவிடுகிறேன். தகப்பனாரும் நானும் தேடிப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ஒரு முறை தேறி, மறுபடி விழுந்து, மீண்டும் சேர்த்தோம். இப்போது வேலைக்குப் போகிறான். யாரிடம் வாங்கினாய் என்று கேட்டதற்கு அவன் சொன்ன இடம், பள்ளிவாசலிலிருந்து மூன்றாவது தெரு.

ஆகவே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஜமாஅத் நிர்வாகிகளிடம் நான் கேட்பது பெரிய மாநாடல்ல. ஒவ்வொரு மஹல்லாவிலும் வாய் காக்கத் தெரிந்த இருவர். ஓர் ஆண், ஒரு பெண். பிள்ளை விஷயமாக வரும் பெற்றோரிடம் பெயரைப் பதிவேட்டில் எழுதாமல், கூடவே கீழ்ப்பாக்கம் வரை பஸ்ஸில் போய் வருவது அவர்கள் வேலை. பஸ் செலவும் மருந்துச் செலவும் பைத்துல்மாலிலிருந்து. போதை மறுவாழ்வுக்கான 14446 என்ற எண்ணும், சிறாருக்கான 1098 என்ற எண்ணும் ஒளுச் செய்யும் இடத்துக்கு மேலே பெயின்டில் எழுதப்படட்டும். விற்கும் இடத்தை ஆவடி காவல் ஆணையரகத்துக்கு எழுதித் தரும்போது தனிமனிதர் பெயரில் வேண்டாம், ஜமாஅத்தின் முத்திரையோடு போகட்டும். கோவில் கமிட்டியையும் சர்ச் ஃபாதரையும் சேர்த்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதே சுவருக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள்.