யாரும் சாதி கேக்கலையாம்!

"தோழர், அங்க ஒருத்தரும் சாதி கேக்கறதில்லீங்க, தெரியுங்களா?"

பெங்களூரிலிருந்து பொங்கலுக்கு வந்திருந்த தம்பி சொன்னான். அவிநாசிப் பக்கத்து வளவில் பிறந்தவன். அப்பன் தோட்டத்துப் பண்ணையத்தாள். ஆத்தா நூல் மில்லில் தூசி தின்றவள். கோவையில் இன்ஜினியரிங் முடித்து இப்போது கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவன் சம்பளத்தில் வளவில் முதல் மச்சு வீடு எழும்பியிருக்கிறது. அதில் நமக்கெல்லாம் பெருமைதான்.

அவன் போனது 'பப் கிரால்'. பணம் கட்டினால் வழிகாட்டி ஒருவன் பதினைந்து இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரே ராத்திரியில் நாலு பப்புக்கு நடத்திக் கூட்டிப் போவான். சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு கடை, பிரிகேட் ரோட்டில் ஒரு கடை. ஒவ்வொன்றிலும் ஒரு கிளாஸ், பிறகு நடை. முன்பின் தெரியாதவன் எல்லாம் கிளாஸ் முட்டிக்கொள்வானாம், தோள்மேல் கை போடுவானாம். கிரால் என்றால் தவழ்வது. கடைசிக் கடைக்கு வரும்போது தவழ்ந்துதான் வரவேண்டும் என்று கேலிக்கு வைத்த பேர்.

தவழ்வது நமக்குப் புதுசா தோழர்களே? பண்ணாடி திண்ணையில் உட்கார்ந்திருந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சைக்கிளை விட்டு இறங்கி, கூனிக் குறுகிப் போனவர்கள் நம் தாத்தன்கள். ஒரு சொட்டு உள்ளே போகாமலே தவழ வைக்கப்பட்டவர்கள்.

தம்பி இன்னொன்றும் சொன்னான், கொஞ்ச நேரம் கழித்து, சிரித்துக்கொண்டே. மூணாவது கடையில் இவன் பேச்சைக் கேட்டுக் கூட்டத்தில் ஒருத்தனுக்கு ஒரே சந்தோசமாம். "அட, நம்மூரு பேச்சு! எந்தூருங்ணா?" அவன் பொள்ளாச்சிப் பக்கம். இன்னொரு கிளாஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறான். வாங்கிக் கொடுத்த கையோடு கேட்டிருக்கிறான்: "நீங்க எந்தக் கூட்டமுங்ணா?"

கொங்கு நாட்டில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இங்கே பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நீ கவுண்டன் என்று முடிவு செய்தாயிற்று, கவுண்டனில் எந்தக் குலம் என்பதுதான் கேள்வி. "நீ என்னடா சொன்னே?" என்றேன். தம்பியின் சிரிப்பு நின்றுபோயிற்று. "போன் வந்தமாதிரி எந்திரிச்சு வெளிய போயிட்டனுங்க" என்றான்.

யாரும் சாதி கேட்கவில்லையாம்! கேட்டான், நீ பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் எழுந்துபோனதற்குப் பேர் சமத்துவமா? அந்தப் பப்புக்குள் அழிந்தது சாதியல்ல, உன் முகவரி. முகவரியை வாசலில் கழற்றி வைத்தவனுக்குத்தான் அங்கே நாற்காலி.

உலகமயம் வந்தால் சாதி ஓடிவிடும், நகரம் வந்தால் செத்துவிடும், காசு வந்தால் எல்லாரும் ஒண்ணு என்று முப்பது வருசமாகச் சொல்லி வருகிறார்கள். காசு கொடுத்தால் எவன் கையிலும் கிளாஸ் வரும் என்பது உண்மைதான். அந்தக் காசு சேர நமக்கு எத்தனை தலைமுறை ஆயிற்று? அதே பப்பில் விடியற்காலை வாந்தி அள்ளுபவன் யார்? கழிவறை கழுவுபவள் யார்? பெங்களூர் வீதிகளைக் கூட்டும் பௌரகார்மிகர்களில் மிகப்பெரும்பாலோர் யார் பிள்ளைகள்? வழிகாட்டி நாலு கடையையும் காட்டுவான், பின்வாசலைக் காட்ட மாட்டான்.

சரி, பெங்களூர் இருக்கட்டும். தம்பி, நம்ம ஊருக்கு வா. பஸ் இறங்குற இடத்தில் டீக்கடை. அங்கே நான் ஒரு கிரால் கூட்டிப் போகிறேன்.

நம் தாத்தனுக்குக் கொட்டாங்குச்சியில் ஊற்றினார்கள். அப்பனுக்குக் கடைக்கு வெளியே ஆணியில் மாட்டிய தகர டம்ளர். குடித்துவிட்டு அவனே கழுவி அவனே மாட்ட வேண்டும். குத்த வைத்துத்தான் குடிக்க வேண்டும், பெஞ்சு அவனுக்கில்லை. கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் மாவட்டங்களில் நம் அமைப்புகளும் பெரியார் தொண்டர்களும் ஊர் ஊராகப் போய்ப் பட்டியல் எடுத்து, போராடி, வழக்குப் போட்டு அந்த டம்ளரை இறக்கினார்கள். இப்போது என்ன வந்திருக்கிறது? பேப்பர் கப்பு! கண்ணாடி கிளாஸ் ஊர்க்காரனுக்கு, பேப்பர் கப்பு வளவுக்காரனுக்கு. கேட்டால் "சுத்தமுங்க, உங்களுக்குத்தான் நல்லதுங்க" என்பான். யார் எச்சிலிலிருந்து யாருக்குச் சுத்தம்? தகர டம்ளராவது ஆணியில் தொங்கிச் சாட்சி சொன்னது. பேப்பர் கப்பு குடித்து முடித்ததும் குப்பைக்குப் போகிறது, சாட்சியும் கூடவே போகிறது. தீண்டாமை ஒழியவில்லை, அது சாமர்த்தியம் கற்றுக்கொண்டது.

டீக்கடைதானே, சின்ன விசயம் என்று சொல்லாதீர்கள். 2018-இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் சமைத்த சோற்றைத் தங்கள் பிள்ளைகள் தின்னக்கூடாது என்று ஆதிக்கச் சாதிக்காரர்கள் பள்ளியை மறித்தார்கள். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? அந்த அம்மாவை இடம் மாற்றினார்கள்! பிறகு போராடித்தான் அந்த உத்தரவு திரும்பியது. கிளாஸில் தொடங்குவது சோற்றுச் சட்டியில் நிற்காது, சுடுகாடு வரை வரும். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோட்டு மலைக்கோயிலில், கூடப் படித்த கவுண்டர் சாதிப் பெண்ணோடு நின்று பேசியதற்காகக் கோகுல்ராஜைக் கடத்திப் போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் பிணம். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. யார் யாரோடு நிற்கலாம், யார் யாரோடு குடிக்கலாம், யார் யாரோடு வாழலாம் என்பது மூன்று கேள்விகளல்ல. ஒரே கேள்விதான்.

இப்போது நம் இயக்கத்துப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை. 'பப்பு, பாரு என்று தலித் பத்திரிகையில் என்ன பேச்சு? குடிதானே நம் மக்களைக் கெடுத்தது?' என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். இந்தியாவில் மதுவிலக்குச் சோதனை தொடங்கியதே நம் பக்கம்தான், 1937 அக்டோபர் 1, சேலம் மாவட்டம். அதற்கு முன்பே, 1921-இல் கள்ளுக்கடை மறியல் நேரத்தில், பெரியார் தன் தோப்பில் 500 தென்னைகளை வெட்டச் செய்தார். இன்று கடை நடத்துவது அரசாங்கமே. 2003-இலிருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில். 2023-24-இல் அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்துச் செத்தவர்கள் அறுபதுக்கும் மேல், பெரும்பாலோர் நம் சனம். குடி நம்மைக் கொல்கிறது. நான் குடிக்கச் சொல்லவில்லை.

ஆனால் குடிக்காதே என்று சொல்வது வேறு, நீ இங்கே உட்காராதே என்று சொல்வது வேறு. முதலாவது புத்திமதி, இரண்டாவது தீண்டாமை. நம் பிள்ளைக்குப் புத்திமதி சொல்லும் அவசரத்தில், உட்காராதே என்றவனை நாம் விட்டுவிட்டோம். அந்த இடைவெளியில்தான் தம்பி பெங்களூருக்கு ஓடினான், 'அங்க யாரும் கேக்கறதில்லை' என்று.

இந்தக் கிராலை வேறு மாதிரி நடத்தியவர்கள் இருந்தார்கள்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கத்தில் ஸ்மெத்விக் என்று ஒரு ஊர். நம் கணபதி, பீளமேடு மாதிரி பவுண்டரி ஊர். 1950-களிலும் 60-களிலும் பஞ்சாபிலிருந்து போனவர்கள் அங்கே இரும்பு உருக்கும் அனலில் வேலை செய்தார்கள். வேலை முடிந்து பப்புக்குப் போனால் கறுப்பனுக்கும் இந்தியனுக்கும் தனி அறை, நல்ல அறைக்குள் வெள்ளையனுக்கு மட்டும் இடம். நிறத்தடை என்று அதற்குப் பேர். பவுண்டரித் தொழிலாளியான அவதார் சிங் ஜவுல், இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர். அவர் பல்கலைக்கழகத்து வெள்ளை மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு கடை கடையாகப் 'பப் கிரால்' நடத்தினார். வெள்ளை மாணவன் கேட்டால் கொடுப்பான், கூட வந்த இந்தியன் கேட்டால் மறுப்பான். உடனே அங்கேயே தகராறு, அங்கேயே சாட்சி. கடைக்காரன் உரிமம் புதுப்பிக்கப் போகும்போது இவர்கள் எதிர்த்து நின்றார்கள். 1965 பிப்ரவரி 12 அன்று மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கு வந்து அப்படியொரு பப்புக்குள் நுழைந்தார். அவருக்கும் அந்த நல்ல அறையில் கொடுக்க மாட்டோம் என்றார்கள். ஒன்பதாவது நாள் அவர் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு இனப்பாகுபாட்டுக்கு எதிரான முதல் சட்டம் பிரிட்டனில் வந்தது.

அங்கே சட்டம் வருவதற்கு முன்பே நடந்தார்கள். நமக்கோ சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. இன்று குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பேர். பிரிவு 4, பொதுக்கடையில் பொதுப் பாத்திரத்தை மறுப்பது குற்றம் என்கிறது. பிரிவு 6, ஒரே இடத்தில் ஒரே நிபந்தனையில் விற்க மறுப்பது குற்றம் என்கிறது. பிரிவு 8, பிரிவு 6-இல் தண்டனை பெற்றவனின் தொழில் உரிமத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்கிறது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைச் சட்டத் திருத்தமும் கடைக்குள் நுழைவதைத் தடுப்பதையும் பொதுப் பாத்திரத்தை மறுப்பதையும் வன்கொடுமை என்றே எழுதி வைத்திருக்கிறது. ஸ்மெத்விக் தொழிலாளி கையில் இவ்வளவு இல்லை. நம் கையில் இருக்கிறது, நடைதான் இல்லை.

நடையில்லாச் சட்டம் என்ன ஆகும் என்பதற்கு மகத் ஒன்றே போதும். பொதுக்குளம் எல்லாருக்கும் திறந்தது என்று பம்பாய் மேலவை 1923-இல் தீர்மானம் போட்டது. மகத் நகராட்சி 1924-இல் அதை ஏற்றுக்கொண்டது. மூன்று வருசம் ஒருத்தனும் அந்தக் குளத்தில் கை நனைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் முன்னால் நடந்தார், ஆயிரக்கணக்கானவர்கள் பின்னால் நடந்தார்கள், சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். ஆதிக்கச் சாதிக்காரர்கள் அடித்தார்கள். சாணியும் கோமியமும் ஊற்றிக் குளத்தைத் 'தீட்டுக் கழித்தார்கள்'. ஆனால் அந்த நடை நடந்துவிட்டது. குடிப்பதற்காக வழிகாட்டியோடு போன நடை என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

கோவைக் கல்லூரி விடுதிகளில் இருக்கும் தோழர்களுக்குச் சொல்கிறேன். உன் அறையில் ஒரு கவுண்டர் வீட்டுப் பையன் இருப்பான். உன்னோடு ஒரே தட்டில் தின்பான், 'மச்சான்' என்பான், சாதி பார்க்கமாட்டேன் என்பான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அவனிடம் கேள்: "உன் ஊர் டீக்கடைக்கு என்னைக் கூட்டிப் போ, அதே பெஞ்சில், அதே கண்ணாடி கிளாஸ்." அவன் முகத்தைப் பார். அவன் கூட்டிப்போனால் அவன் தோழன். 'அதெல்லாம் ஊர்ல ஒத்துவராதுடா' என்றால், அவன் விடுதியில் மட்டும் சமத்துவக்காரன். இவ்வளவு நாளும் நாம்தான் எழுந்துபோனோம். ஒரு தடவை அவன் பதில் சொல்லட்டும்.

தனியாகப் போகாதீர்கள். வீரம் காட்டும் நேரமல்ல இது, கோகுல்ராஜை மறக்கவேண்டாம். ஐந்தாறு பேராகப் போங்கள். பெண் தோழர்களும் வரட்டும். ஊர் டீக்கடைப் பெஞ்சில் எந்தச் சாதிப் பெண்ணுக்கும் இடமில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். உள்ளூர் வளவு மக்களைக் கேட்காமல் போகாதீர்கள். நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள், வேலையும் தண்ணியும் நிறுத்தப்படுவது அவர்களுக்கு. ஒரு வக்கீலுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நாள், நேரம், கடை, யாருக்கு எதில் ஊற்றினான் என்று எழுதுங்கள். புகாரில் சட்டப் பிரிவைக் குறிப்பிடுங்கள், நகல் வாங்காமல் வராதீர்கள்.

முதல் நடையை நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். பள்ளர் தோழர் வீட்டிலும் பறையர் தோழர் வீட்டிலும் அருந்ததியத் தோழனுக்கு எந்த டம்ளர் வருகிறது? அதையும் பார்த்து எழுதுங்கள். வலிக்கும், ஆனாலும் எழுதுங்கள்.

தம்பி மறுபடி பெங்களூர் போகும்போது அந்தப் பொள்ளாச்சிக்காரனைத் தேடிப்பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். "எந்தக் கூட்டமுங்ணா?" என்று கேட்டானே, அவனுக்குப் பதில் பாக்கி இருக்கிறது. "நான் மாதாரி வளவுங்க. இப்பச் சொல்லுங்க, இன்னொரு கிளாஸ் வாங்கித் தருவீங்களா?"

தம்பி யோசிக்கிறான். அவன் சொல்லிவிட்டு வந்தால் அடுத்த பொங்கலுக்கு ஊர் டீக்கடைக்குச் சேர்ந்தே போவோம். அவனுக்கு முடியவில்லை என்றாலும் நாங்கள் போவோம்.