பிடித்த பணம் முதலாளியுடையது அல்ல

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். தேதி பத்தைத் தாண்டினால் ஏதாவது ஒரு முதலாளியிடமிருந்து போன் வந்துவிடும்: "பையர் பணம் இன்னும் வரலீங்க. நூலுக்குக் குடுத்தாகணும். பி.எஃப். அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிக்கலாமுங்க." நூல்காரரிடமும் சாயப்பட்டறையிலும் கடன் சொல்லலாம், அவர்கள் தவணைக்குச் சம்மதித்துத்தான் சரக்குக் கொடுக்கிறார்கள். தொழிலாளியிடம் அப்படிச் சம்மதம் கேட்டவர் யார்?

செக்கிங்கில் மாதம் 12,000 ரூபாய் வாங்கும் பெண்ணிடம் பி.எஃப். என்ற சேமநிதிக்காக 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் பிடிக்கிறோம். கம்பெனியும் அதே அளவு போட வேண்டும். கம்பெனி பங்கில் ஏறக்குறைய 1,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கும் மீதி 440 சேமநிதிக்கும் போகும். மறு மாதம் 15ஆம் தேதிக்குள் எல்லாம் கட்டியாக வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதம். தொழிலாளியிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது சட்டப்படி நம்பிக்கை மோசடிக் குற்றம். அந்தப் பங்கைக் கெடு தாண்டிக் கட்டினால் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. முதலாளி அந்தப் பணத்துக்குக் காவல்காரர் மட்டுமே.

கட்டுவதிலும் தந்திரம் உண்டு. சம்பளத்தை 'படி'களாகப் பிரித்து, சிறு தொகைக்கு மட்டும் பி.எஃப். காட்டுவார்கள். எல்லோருக்கும் ஒரே சீராகக் கொடுக்கும் படியும் கணக்கில் சேரும் என்று 2019இலேயே தீர்ப்பு வந்தாயிற்று. கான்ட்ராக்டர் கொண்டுவந்த ஆள் என்று கைகழுவவும் முடியாது. அவர் கட்டாவிட்டால் வேலை வாங்கும் கம்பெனிதான் பொறுப்பு. பணம் கட்டினால் மட்டும் போதாது, பெயரும் பொருந்த வேண்டும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, கம்பெனிப் பதிவில் இனிஷியல் மட்டும் என்றிருந்தால், பணம் எடுக்கப் போகும்போது அலைவது தொழிலாளிதான். சேரும் நாளிலேயே ஒப்பிட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

"பிடிக்காதீங்கக்கா, கையிலயே குடுத்துருங்க" என்று தொழிலாளர்களே கேட்கிறார்கள் என்பார்கள். உண்மைதான். வாடகையும் பள்ளிக் கட்டணமும் அவர்களை அப்படிக் கேட்க வைக்கின்றன. ஆனால், ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு சேவை வேண்டும். பதிவாகாத ஆண்டுகளைப் பின்னால் நிரூபிப்பது பெரும்பாடு. பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அதற்குத் தொழிலாளி ஒரு பைசாவும் தருவதில்லை. கையில் வாங்கும் அந்தப் பணத்துக்காக இவ்வளவையும் விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதை எடுத்துச் சொல்வதும் முதலாளியின் கடமையே.

சிறு கம்பெனிகளின் பண நெருக்கடி எனக்குத் தெரியும். பில் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அதற்கு வழி, சனிக்கிழமை சம்பளம் போடும்போதே இரண்டு பங்கையும் தனி வங்கிக் கணக்கில் ஒதுக்கிவிடுவது. ஜாப் ஒர்க் கொடுக்கும் பெரிய கம்பெனிகள், பி.எஃப். கட்டிய ரசீதைப் பார்த்த பிறகே பில்லைப் பாஸ் செய்ய வேண்டும்.

தொழிலாளர்களே, உமங் செயலியில் மாதம் ஒருமுறை பாஸ்புக்கைப் பாருங்கள். பிடித்த பணம் ஏறவில்லையென்றால் அந்த மாதமே கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.