காம்பராவுக்கு உறுதி இல்லாவிட்டாலும்

உடப்புசல்லாவையில் எங்கள் லயத்துக் காம்பராவுக்கு உறுதிப்பத்திரம் கிடையாது. சொத்தில்லாதவனுக்குப் பத்திரம் எதற்கு என்று சிரிப்பார்கள். கொழுந்தெடுத்தே ஓய்ந்த அம்மாவுக்குச் சொத்து இருந்தது: ஊழியர் சேமலாப நிதி. அவர் சம்பளத்தில் 8 வீதம், தோட்டம் போட்ட 12 வீதம். ஆனால் தோட்டப் பெயர்ப்பதிவான செக்ரோலில் அவர் கூப்பிடும் பெயர், அடையாள அட்டையில் முழுப்பெயர், எங்கள் பிறப்புச் சான்றிதழ்களில் சிங்கள ஒலிப்பில் இன்னொன்று. அவர் கண்மூடிய பின் அந்த நிதியைப் பெற, மூன்று பெயரும் ஒருவருடையதே என்று நிரூபிக்க நாங்கள் பட்ட பாடு!

1948இல் தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டுத்தானே எங்கள் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கினார்கள்? காகிதத்தின் விலை நமக்குத் தெரியாததா?

உயிரோடிருக்கும்போதே பெயரைத் திருத்துங்கள். நிதிக்குப் பின்னுரிமையாளரை நியமியுங்கள். பழைய பிரஜாவுரிமைச் சான்றிதழை எறிந்துவிடாதீர்கள். எல்லாம் எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.