சுகப்பிரசவம் என்றொரு வசவு

குழந்தை பிறந்த சேதி கேட்டதும் நம்மூரில் வரும் முதல் கேள்வி, ஆணா பெண்ணா. இரண்டாவது, "நார்மலா, சிசேரியனா?" அப்புறம் எடை, நிறம், ஜாடை. பெற்றவள் எப்படி இருக்கிறாள் என்பது, யாருக்காவது ஞாபகம் வந்தால், கடைசியில் வரும்.

இந்த இரண்டாவது கேள்விமேல்தான் எனக்குக் கோபம். கேட்கிறவர்கள் தகவலுக்காகக் கேட்பதில்லை, மார்க் போடக் கேட்கிறார்கள். நார்மல் என்றால் முகம் மலர்கிறது. சிசேரியன் என்றால் ஒரு "ச்சு". கூடவே, "பரவால்ல, அடுத்ததாச்சும் சுகப்பிரசவமா ஆகட்டும்." பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தை பக்கத்தில் படுத்திருக்கிறது. இவர்கள் அடுத்ததைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அந்தச் சொல்லையே பாருங்கள். சுகப்பிரசவம். விடிய விடிய இடுப்பு வலியில் துடித்து, கீழே தையல் போட்டு, உட்கார முடியாமல் வாரக்கணக்கில் அவதிப்படுகிறவளுக்கும் அதே பெயர்தான். யாருக்குச் சுகம்? பெற்றவளைக் கேட்டு வைத்த பெயராகத் தெரியவில்லை. ஒரு பக்கம் அவள் வலியை மறைக்கிறது. மறுபக்கம், கத்தி பட்டவளைப் பெறத் தெரியாதவளாக்குகிறது. ஒரே சொல்லில் இரண்டு பேரையும் அவமதிக்க முடிகிறது நம்மால்.

உடனே ஒருவர் புள்ளிவிவரத்தோடு வருவார். வரட்டும், அதில் உண்மை இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 64 என்ற கணக்கு. ஒரே ஊர்ப் பெண்களின் உடம்பு, வாசலைப் பொறுத்து இவ்வளவு மாறிவிடுமா என்று கேட்கத்தான் வேண்டும். மக்கள்தொகை அளவில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிக் கூடுவதால் தாய்-சேய் இறப்பு குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. ஆனால் அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது: குறிப்பிட்ட விகிதத்தை எட்டுவது குறிக்கோள் ஆகக்கூடாது, தேவைப்படும் பெண்ணுக்குச் சிசேரியன் கிடைக்கச் செய்ய வேண்டும். இந்தப் பாதியை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

என் கேள்வி எளிது. இந்தக் கணக்கை யாரிடம் கேட்கிறீர்கள்? மருத்துவமனை நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறீர்களா? சுகாதாரத் துறையிடம்? இல்லை. தையல் போட்டுப் படுத்திருக்கிறவளிடம் வந்து, "காசுக்காக அறுத்திருப்பாங்க, நீ கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்கிறீர்கள். அந்தப் பொறுமை எவ்வளவு நேரத்துக்கு என்று நான் சொல்கிறேன். எனக்குப் பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம். வலி ஏறியது, வாய் திறக்கவில்லை. குழந்தை உள்ளேயே மோஷன் போய்விட்டது, இதயத்துடிப்பு இறங்குகிறது என்றார்கள். கையெழுத்து வாங்கி, முதுகில் ஊசி போட்டு, பச்சைத் துணியை முகத்துக்கு முன்னால் கட்டினார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் நார்மல் ஆகியிருக்கலாம். குழந்தை இருந்திருக்குமா என்பதை அந்த யோசனை சொன்னவர்கள் சொல்லவில்லை.

அடுத்த பொய், "முகத்தைப் பார்த்ததும் வலியெல்லாம் பறந்துடும்." பறக்கவில்லை. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பற்கள் கிடுகிடுவென அடித்தன. குழந்தையைக் கன்னத்தோடு ஒட்டிக் காட்டிவிட்டு இன்குபேட்டருக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு அப்போது வந்தது பாசமா என்று தெரியவில்லை, களைப்பு என்று நிச்சயமாகத் தெரியும். பாசம் அப்புறம் வந்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியபோது. அதற்கு நாள் எடுப்பதில் ஒரு குற்றமும் இல்லை. அதைச் சொல்ல விடாமல், "குழந்தை நல்லா இருக்கில்ல, அப்புறம் என்ன?" என்று வாயை அடைக்கிறோம் பாருங்கள், அதுதான் குற்றம்.

இருமினால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்ள வேண்டும். ஒருக்களித்துப் படுக்க இன்னொருத்தர் கை வேண்டும். சிறுநீர்க் குழாயை எடுத்த பிறகு கழிவறைக்கு நடக்கும் பத்தடி பத்து மைல். அந்த நேரத்தில்தான் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாகக் கூட்டம் வருகிறது. பிள்ளை கை மாறிக் கை மாறிப் போகிறது. "பால் வரலையா?" என்று நாலு பேர் முன்னால் விசாரணை. யாரோ ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் சேனை தொட்டு வைக்கத் துடிக்கிறார். இதற்குப் பெயர் வரவேற்பா?

நம்மிடம் இதைவிட நல்ல கதை ஒன்று இருக்கிறது. திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர். காவிரி வெள்ளத்தில் அம்மா அக்கரையில் மாட்டிக்கொள்ள, பேறுகாலத்தில் தனித்துக் கிடந்த மகளுக்குச் சிவனே அம்மா உருவத்தில் வந்து பார்த்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள். நிஜ அம்மா வந்து சேரும்வரை கூடவே இருந்தாராம். அந்தக் கடவுள் அவளுக்காக வந்தார். நாம் அவரிடம் போய், சுகப்பிரசவம் ஆகணும் என்று வாழைத்தார் நேர்ந்துகொள்கிறோம். பிரசவம் எப்படி ஆனாலும் கூட இருக்க வேண்டும் என்ற பாடத்தை மட்டும் மலையிலேயே விட்டுவிட்டு இறங்குகிறோம்.

கூட இருப்பதற்குச் சட்டமும் உதவவில்லை. குழந்தையைவிடக் கனமான எதையும் 6 வாரத்துக்குத் தூக்காதே என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார். குழந்தையின் அப்பா மத்திய அரசு ஊழியராக இருந்தால் 15 நாள் விடுப்பு. தனியார் கம்பெனி என்றால் முதலாளியின் தயவு. மீதி நாட்களுக்கு அவளுடைய அம்மா இருப்பாள் என்பதுதான் இந்த நாட்டின் திட்டம்.

இனி பிள்ளை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குழந்தை எங்கேயும் ஓடிவிடாது, ஒரு வாரம் கழித்துப் போங்கள். போனதும் கட்டிலில் இருப்பவளைப் பாருங்கள். "நீ எப்படி இருக்கே?" என்று கேளுங்கள். அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை தொட்டில் பக்கம் திரும்பாதீர்கள். அழுதால் அழட்டும். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கொடுத்தால் பிள்ளையை வாங்குங்கள்.

நார்மலா, சிசேரியனா என்று மட்டும் கேட்காதீர்கள். பிரசவம் ஆகிவிட்டது. அவ்வளவுதான் சேதி.